உதைத்துப் பார்ப்பவர்

சக்கரத்தைக் கண்டதும் காலைத் தூக்குகிற உயிரினங்கள் இரண்டு. ஒன்று தெருவோரம் படுத்திருக்கும், வாலாட்டும். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. மற்றது இஸ்திரி போட்ட சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக, பழைய கார் விற்கும் இடங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் காணக் கிடைக்கும். வாங்க வந்தவர் அல்ல. விற்க வந்தவரும் அல்ல. வாங்க வந்தவரோடு வந்தவர். முன்பக்கத்து இடது டயரை இரண்டு முறை உதைப்பார். பிறகு தலையைச் சாய்த்து, டயர் தன் காதில் மட்டும் ஏதோ சொன்னதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு "ம்" என்பார்.

அந்த "ம்" என்றால் என்ன? அது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு வருஷம் ஆயிற்று.

அவளுடைய சித்தப்பா இந்த இனத்தில் முதல் தரம். தன் எட்டு வயதில் அவள், அவர் ஒரு குளிர்சாதனப் பெட்டியை உதைத்ததைப் பார்த்திருக்கிறாள். கடைக்காரர் எதிரில், மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு. பிறகு தண்ணீர் மோட்டார். பிறகு மாமா வீட்டுக்கு வந்த தையல் மெஷின். சொந்தபந்தங்களில் யார் எதை வாங்கினாலும் முதலில் சித்தப்பாவுக்குச் சொல்லிவிடுவார்கள், அவர் வருவார், உதைப்பார், "ம்" என்பார், பொருள் வீட்டுக்கு வந்துவிடும். வந்த பொருள் ஓடினால் சித்தப்பா பார்த்துக் கொடுத்தது. நின்றுவிட்டால் அது வாங்கினவனின் ராசி.

அவர் மெக்கானிக்கா என்று கேட்பீர்கள். ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளர். சொந்தமாகக் கார் வைத்திருக்கிறாரா? ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. கிளம்பும்போது அதையும் உதைக்கத்தான் வேண்டும். ஆனால் முப்பத்திரண்டு கார்கள் பார்த்துக் கொடுத்திருக்கிறார். கணக்கு அவருடையது. அதில் எத்தனை இன்று ஓடுகின்றன என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை.

இப்படிப்பட்டவரைப் படித்த பெண் ஏன் கூட்டிக்கொண்டு போனாள்? நியாயமான கேள்வி. அவளே தன்னைப் பலமுறை கேட்டுக்கொண்டதுதான்.

அவள் பரிசோதனை நிலையத்தில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். வெளியூர் விடுதியில் பெண்ணைச் சேர்ப்பதா என்று அப்பா இழுத்தபோது, சித்தப்பாதான் கூடவே வந்தார், விடுதி அறைக்குள் நுழைந்தார், இரும்புக் கட்டிலின் காலை இரண்டு உதை உதைத்தார், "கட்டில் உறுதியா இருக்கு, சேர்த்துடலாம்" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். ஒரு கட்டில் காலில் தீர்மானமான படிப்பு அது. அந்த மனிதரிடம் போய், "சித்தப்பா, உதைப்பது ஒரு பரிசோதனை அல்ல" என்று எந்த வாயால் சொல்வது?

அவளுக்குக் கார் தேவைப்பட்டது அம்மாவுக்காக. அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். தாழ்வான இருக்கையில் உட்காரவே கூடாது, முழங்காலைவிட இடுப்பு மேலே இருக்க வேண்டும், மடங்கினால் மூட்டு நழுவும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாதாரண காருக்குள் அம்மா இறங்கி உட்கார வேண்டியிருந்தது. பெரிய வண்டிக்குள் ஏற வேண்டியிருந்தது. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தால் இருக்கை வந்து தாங்குகிற உயரம் வேண்டும். அவள் டேப் வைத்து அம்மாவின் இடுப்பு உயரத்தை அளந்தாள், மூன்று வாரம் அதே டேப்போடு கடை கடையாக ஏறி இறங்கினாள், கடைசியில் அளவு பொருந்துகிற, எளிமையான, பழைய வண்டி ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"அதா?" என்றார் சித்தப்பா. "அது எல்லார் வீட்லயும் நிக்குது பாப்பா. அதே காசுக்கு நாலு பேர் திரும்பிப் பாக்கற வண்டி வரும். கொஞ்சம் பழசா இருக்கும், அவ்வளவுதான். நான் பாத்துத் தரேன்."

இந்த இனத்துக்கு உங்கள் தேவை ஒருபோதும் போதாது. நீங்கள் செருப்பு கேட்டால் பூட்ஸ் பார்த்துத் தருவார்கள்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் நின்றார்கள். எதிரில் வெள்ளையாக, சின்னதாக, திமிராக ஒரு உயர்ரக எஸ்யூவி. கூரை முழுக்கக் கண்ணாடி. தோல் இருக்கைகள். பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கும் பின்கதவு. இருக்கையின் உயரத்தை முதலில் அளந்தாள்; அம்மாவுக்குச் சரியாக இருந்தது. அவள் கைப்பையில் நான்காக மடித்த தாள் இருந்தது. எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதம் படித்து எழுதி வைத்த இருபத்தேழு வரிகள்.

வியாபாரி தொழில் தெரிந்தவன். வாங்க வந்தவளைப் பார்க்கவில்லை, கூட வந்தவரைப் பார்த்தான். ஒரே பார்வையில் இனத்தை அடையாளம் கண்டான். நிழலில் நாற்காலி போட்டான், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தான், "சார் இன்ஜினியரா?" என்றான்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. எல்லாம் அனுபவம்தான்," என்றார் சித்தப்பா, ஒரு இன்ஜினியர் அடக்கமாகச் சொல்வதுபோல.

முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் வண்டி விற்றது வியாபாரி அல்ல.

அவள் மெல்லப் போய் பானெட்மேல் கை வைத்தாள். சூடாக இருந்தது. அவளுடைய தாளில் முதல் வரியே அதுதான்: இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் வரும் சத்தம் மறைந்துபோகும். சொன்னாள். வியாபாரி வாயைத் திறக்கக்கூட இல்லை. சித்தப்பாவே பதில் சொன்னார்: சூடா இருந்தா நல்லதுதானே பாப்பா, வண்டி ரெடியா இருக்குன்னு அர்த்தம்.

முன் இருக்கைக்குக் கீழே தரை விரிப்பை அழுத்திப் பார்த்தாள். விரல் ஈரமானது. கண்ணாடிக் கூரையின் ஓரத்தில் மழைத் தண்ணீர் வழிந்துபோகச் சின்னக் குழாய்கள் உண்டு, இலைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கி விரிப்புக்கு அடியில் இருக்கும் மின்பெட்டிகளை நனைக்கும் என்பது ஒன்பதாவது வரி. அது ஏசி தண்ணி என்றார் சித்தப்பா. அவர் அப்போது இருக்கைத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார், இருபது வருஷமாகக் கடையில் சட்டைத் துணியைத் தேய்ப்பதுபோலவே. "அசல்," என்றார். பிறகு கதவை ஓங்கிச் சாத்தினார். கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை சாத்தினார். வியாபாரியும் கண்ணை மூடிக்கொண்டான். ஏதோ கச்சேரி கேட்பதுபோல இரண்டு பேரும் நின்றார்கள்.

கடைசியாக உதை. முன்பக்கம், இடது, இரண்டு.

"கல்லு மாதிரி இருக்கு."

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று அதில் தெரியும். அவள் குனிந்து படிக்கப் போனாள். சித்தப்பாவின் செருப்பு அங்கேயே ஊன்றி நின்றது, எடுக்கச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்: "ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து காட்டிடலாமா சித்தப்பா?"

அவர் முகம் சுருங்கியது. கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் அவள் பதில் பேசியிருப்பாள். "நான் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கும்மா?" என்றார், மெதுவாக.

தினமும் நாற்பது பேருக்குப் படம் எடுப்பவள் அவள். வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை, உள்ளே பிளந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தொட்டுப் பார்த்தே எலும்பு முறியவில்லை என்று சொல்லும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களை நினைத்துச் சிரிப்பவள். அப்படிப்பட்டவள் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திரும்ப வைத்தாள். அந்த மடிப்புச் சத்தத்தை வியாபாரி மட்டும் கேட்டான்.

வண்டி வாங்கிய மூன்றாம் வாரம் முதல் பெருமழை வந்தது. அதற்கடுத்த நாள் அம்மாவுக்கு மறுபரிசோதனை. அம்மா வாக்கரைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள். வண்டி கிளம்பவில்லை. கதவு பூட்டிக்கொண்டது, திறந்தது, மறுபடி பூட்டிக்கொண்டது. பின்கதவு மட்டும் யாரும் கேட்காமலே மெல்ல மேலே போய், கொஞ்சம் யோசித்து, கீழே வந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா சொன்னது அந்த வரையில் பலித்தது.

அறுவை செய்த காலில் பாரம் கொடுக்காமல் அம்மா இருபது நிமிஷம் நின்றாள். உதடு வெளுத்துவிட்டது. கடைசியில் எதிர்வீட்டுக் குழாய் ரிப்பேர்காரர் தன் சரக்கு வண்டியை எடுத்து வந்தார். முன் இருக்கையில் கிடந்த பைப்புத் துண்டுகளைத் தள்ளிவிட்டு அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். இடுப்புக்கும் இருக்கைக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"இதுவே வசதியா இருக்கேடி," என்றாள் அம்மா. குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னாள். அதுதான் மகளுக்கு அதிகம் வலித்தது.

சாயங்காலம் மெக்கானிக் விரிப்பைத் தூக்கினார். கீழே குளம். கூரைக் குழாய் அடைப்பு, மின்பெட்டிக்குள் தண்ணீர், இன்ஜின் சங்கிலி தொளதொளப்பு என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தாள். இருபத்தேழில் பதினொன்று. நல்ல மதிப்பெண் என்று யாரும் பாராட்டவில்லை. அவர் கேட்ட செலவு அவளுடைய ஆறு மாதச் சம்பளம்.

செய்தி கேட்டுச் சித்தப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும் என்றிருந்தது அவளுக்கு. அவர் திறந்துகிடந்த பானெட்டைச் சுற்றி வந்தார், ஈர விரிப்பை எட்டிப் பார்த்தார், முன்பக்கத்து இடது டயருக்குப் போனார். உதைத்தார்.

"ஆனா டயரைப் பாருங்க," என்றார் மெக்கானிக்கிடம், "கல்லு."

"கல்லுதான் சார். ஏழு வருஷம் ஆச்சுல்ல," என்றார் மெக்கானிக், துணியால் கையைத் துடைத்துக்கொண்டே. "ரப்பர் ரப்பராத்தான் இருக்கணும். கல்லானா மழையில பிரேக் போட்டா வண்டி நிக்காது."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தலையைச் சொறிவீர்கள், தண்ணீர் கேட்பீர்கள். இந்த இனம் அப்படிச் செய்யாது. சித்தப்பா தலையைச் சாய்த்தார், கொஞ்ச நேரம் கேட்டார். "ம்," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, மனம் நொந்த குரலில், "உன் ராசி இப்படி ஆயிடுச்சே பாப்பா," என்றார். அடுத்த வாரம் ஒரு சகலைக்கு வண்டி பார்க்கப் போகவேண்டும் என்று சொல்லி ஸ்கூட்டரை உதைத்தார். அது நாலாவது உதையில் கிளம்பியது.

வண்டியைப் பாதி விலைக்கு அதே வியாபாரியே திரும்ப எடுத்துக்கொண்டான். அவளுக்கு விற்கும்போது லேடி டாக்டர் ஓட்டியது என்று சொல்லியிருந்தான். இப்போது அதற்கு எக்ஸ்ரே மேடம் ஓட்டிய வண்டி என்று பெயர்.

இதோடு நிறுத்தினால் நீங்களும் சிரித்துவிட்டு எழுந்துபோகலாம். ஆனால் போன மாதம், பரிசோதனை நிலையத்து வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் அவளிடம் வந்து, "அக்கா, நீங்க பட்டுத் தெரிஞ்சவங்க. ஒரு வண்டி பாக்கறேன், கூட வாங்க," என்றாள். அவள் போனாள். சும்மா போகவில்லை, இருபத்தேழு வரி முப்பத்தொன்றாக வளர்ந்திருந்தது. பானெட்டைத் தொட்டாள், குளிர்ந்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை தேடினாள். டயர் இலக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். விற்பவர், "மேடத்துக்கு வண்டி நல்லாத் தெரியும் போல," என்றார்.

அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. கெட்ட வார்த்தை எதுவும் அவர் சொல்லவில்லை. ஆனாலும் கெடுதல் அங்கேதான் ஆரம்பித்தது.

வண்டியை வளைத்துப் பின்னால் எடுக்கும்போது கீழிருந்து கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. "இது என்னக்கா?" என்றாள் அந்தப் பெண். முப்பத்தொரு வரியிலும் அது இல்லை. அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், விடுதி அறையில் அப்பா சித்தப்பாவைப் பார்த்ததுபோல.

"இந்த மாடலுக்கு அது சாதாரணம்தான்," என்றாள் அவள். சொல்லி முடித்தபோது அவளுடைய வலது கால் முன்பக்கத்து இடது டயரின் பக்கத்தில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்கு இன்றும் புரியவில்லை. அந்தப் பெண் அன்றே முன்பணம் கொடுத்துவிட்டாள்.

நாங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். நல்லது. போன வாரம் தெருவில் ஒருவர் வழி கேட்டாரே, உங்களுக்குத் தெரியாத சந்து ஒன்றைச் சொல்லி. நீங்கள் கொஞ்சம் யோசித்து, தலையைச் சாய்த்து, இடது பக்கம் கை காட்டினீர்களே. அவர் போய்ச் சேர்ந்தாரா? உங்கள் கால் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

"எனக்குத் தெரியல." இரண்டே வார்த்தை. சித்தப்பா அவளுக்கு அதைத் தரவேண்டியிருக்கிறது, இன்னும் தரவில்லை. எதிரில் பார்த்தால் கேட்டுவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தாள். இப்போது வரவேற்பு மேசையைக் கடக்கும்போதெல்லாம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் வேகமாக நடக்கிறாள்.