தூங்கிய கணினிக்குக் கூடுதல் மெமரி

சேமிக்காமல் எழுதுவதை வீரம் என்று நினைத்தவன் நான். ஒரு வரியைச் ‘சேவ்’ செய்தால் அதன் ஈரம் காய்ந்துவிடும் என்று வீட்டில் பிரசங்கம் வேறு. (நாற்பத்தாறு வயதில். சிரிக்க வேண்டாம்.)

என் மைத்துனன் பாபுவுக்கு அன்று மாலை டெல்லி ஜனக்புரியில் கல்யாண வரவேற்பு. வாழ்த்து மடல் வாசிப்பது என் பொறுப்பு. பாபு, சுமதி என்ற இரு பெயர்களையும் மழையும் மண்ணுமாகப் பிசைந்து மூன்று பக்கம் எழுதினேன். சேமிக்காமல், மடிக்கணினியை ‘ஹைபர்னேட்’டில் தூங்கவைத்து, பிரிண்ட் எடுக்கக் கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ் போனேன்.

அங்கே ஒரு கடையில் மெமரி விற்றார்கள். கணினி கொஞ்ச நாளாகவே ஆமை. ஒன்று போட்டுவிடலாமே!

“பந்த் ஹை நா, பாய் சாப்?” அணைத்தாகிவிட்டதா என்று கேட்டார் கடைக்காரர்.

“சோ ரஹா ஹை” என்றேன். தூங்குகிறது. (இந்தியிலும் கவிதை.) விளக்கு எதுவும் எரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அதன் முதுகைத் திறந்து மெமரியைச் செருகினார்.

பொத்தானை அழுத்தினேன். என்னை யாரென்றே தெரியாததுபோல் புத்தம் புதிதாக எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. மடல் இல்லை.

மகள் யாழினிக்குப் போன் செய்தேன். கணினி படிப்பவள், டெல்லியிலேயே பிறந்தவள்.

“அரே அப்பா! ஹைபர்னேட்ல, மெமரியில இருக்கிறதெல்லாம் டிஸ்க்ல எழுதி வச்சிட்டு மிஷின் முழுசா ஆஃப் ஆயிடும். திரும்ப ஆன் பண்ணா, முதல்ல முழிக்கிறது ஃபர்ம்வேர், போர்டுலயே பதிஞ்சிருக்கிற ப்ரோக்ராம். எங்கெங்க எவ்ளோ மெமரி இருக்குன்னு அது ஒரு லிஸ்ட் குடுக்கும். தூங்கறதுக்கு முன்னாடி இருந்த லிஸ்டும் இதுவும் ஒண்ணான்னு கெர்னல் பாக்கும். கெர்னல்னா சிஸ்டத்தோட அடிமனசு, அச்சா? நடுவுல நீங்க வீட்டையே மாத்திட்டீங்க. பழைய சாமானை எங்க வைக்கும்? வேணாம்னு தூக்கிப் போட்டுடுச்சு.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண் விழித்ததும், ‘நான் தூங்கும்போது இருந்த உலகம்தானா இது?’ என்று கேட்கும் ஒன்றையா இத்தனை நாள் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்? என் மண்டைக்குள் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்? மடலை நினைவுபடுத்திக்கொண்டிருக்க வேண்டிய மெட்ரோ பயணம் முழுக்க இதே யோசனை.

யாரும் பார்க்கவில்லை என்பது மேடையில் தெரிந்தது.

மைக்கைப் பிடித்ததும் வரிகள் கடகடவென்று கொட்டின. மழை, மண், எல்லாம் வந்தன. “வாழ்க பாபு! வாழ்க கவிதா!” என்று முழங்கி முடித்தேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. சுமதி மாலையோடு என்னையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது: “ஏங்க, யாருங்க அந்தக் கவிதா?”

கவிதா, போன வருடம் நான் மடல் வாசித்த அலுவலக நண்பரின் மணப்பெண். கணினி சரிபார்த்துப் பழையதைத் தூக்கிப் போட்டது; என் மண்டையோ எதையும் சரிபார்க்காமல் போன வருடத்தையே ஏற்றிக்கொண்டுவிட்டது.

இப்போதெல்லாம் வரிக்கு வரி சேமிக்கிறேன். அதனால் ஒன்றும் மாறவில்லை. யாழினியிடம் முழுக்கதையும் கேட்டுவிட்ட சுமதி இன்றும் போன் செய்தால் முதல் வார்த்தை இதுதான்: “கவிதா பேசறேன், அண்ணா. லிஸ்ட் பாத்துட்டு முழிச்சுக்கோங்க.”