சிலந்திக்கு என் பேர்

பேர் வைப்பதற்கென்றே பிறந்த ஒரு கூட்டம் இருக்கிறது, ஐயா. எங்கோ கிடக்கும் தீவுகளின் சிலந்திகளுக்குப் பேர் வைக்கும் கூட்டம். அடியேன் யக்ஞநாராயணன், ராஜகீழ்ப்பாக்கம் கிளை.

இந்தக் கூட்டத்துப் பிராணியை எப்படி அடையாளம் காண்பது? தீவுப் பக்கமே போயிருக்காது. முட்டுக்காட்டில் படகேறினாலே குமட்டும். ஆனால் எவனோ மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, ஆளில்லாத தீவில் பிடித்து, ஸ்பிரிட் குப்பியில் போட்டு அனுப்பும் குதிக்கும் சிலந்தியை, ஃபேனை நிறுத்தி, மூச்சையும் நிறுத்தி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, காலில் ஒரு முடி அதிகம் தெரிந்தால் போதும், "புது இனம்!" என்று கத்தும். அடுப்பில் பால் பொங்கி வழிவது மட்டும் அதன் கண்ணில் படாது.

தன் பேரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் கூட்டத்தில் அசிங்கம். அதனால் மொய் மாதிரி ஓர் ஏற்பாடு. கறுப்பாய் வந்த ஓர் ஆண் சிலந்திக்கு நான் சேலையூர் கிளை ஜெபராஜின் பேரை வைத்தேன். மறு வருஷமே அவர் அதே தீவிலிருந்து வந்த பழுப்புப் பெண் சிலந்திக்கு என் பேரை வைத்தார். பூச்சியைவிடப் பேர் நீளம். இருந்தாலென்ன? செத்த பிறகும் நிற்குமே என்று அழுதேவிட்டேன்.

நின்றதா? போன வாரம் தீவிலிருந்து ஸஹானா என்ற மாணவி ஒரு வீடியோ அனுப்பினாள். ஜெபராஜ் காலைத் தூக்கித் தூக்கி ஆடுகிறார். நான் மயங்கி நிற்கிறேன். அப்புறம் நடந்ததைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

"ரெண்டும் ஒரே இனம்தானே சார்?" என்று கேள்வி வேறு. ஒரே இனம் என்றால் முதலில் வைத்த பேர்தான் செல்லும். ஜெபராஜ் நிற்பார், நான் காலி. அதுவும் நானே வைத்த பேரால்!

விடுவேனா? "காட்டுல இதெல்லாம் சகஜம்மா, தெரியாம சேர்ந்துடுத்து" என்று பதில் தட்டினேன். காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். இதற்கு எட்டுக் கண்.

எட்டிப் பார்த்த என் மனைவி சுந்தரவல்லி, "பாத்தாலே ஆம்படையான் பொண்டாட்டின்னு தெரியறதே, உங்களுக்கு என்னவாம்?" என்றாள்.

"வேற வேறதான்! முடியைப் பாரு, நிறத்தைப் பாரு! சேரவே கூடாது!" என்று சீறினேன்.

சிரிக்காதீர்கள். நாளைக்கு உங்கள் பெண் ஒரு பையனைக் கூட்டிவந்து, "அப்பா, இவர்தான்" என்று முன்னால் நிறுத்துவாள். நல்ல பையன், நல்ல வேலை, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்துச் சிரிக்கும். நீங்கள் காபியை ஆறவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தம்பிக்குச் சொந்த ஊர் எது?" என்பீர்கள்.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று எங்கள் கூட்டத்துக்குத் தெரியும்.