அதெப்படி விடறது?

வாசகரே, அதெப்படி-விடறது-காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் மாட்டுங்காவில் மாடிக்கு ஒருவர். ரயிலில் யாரோ யார் காலையோ மிதித்து, மிதித்தவர் மன்னிப்புக் கேட்டு, மிதிபட்டவர் "பரவாயில்லை" என்று சிரித்து, இருவரும் வெற்றிலை மாற்றிக்கொள்ளப் போகிற சமயத்தில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நடுவே புகுந்து, "அதெப்படி விடறது?" என்பார்கள். அவ்வளவுதான். சமாதானம் செத்தது.

ஹெட் கிளார்க் அனந்தநாராயணன் இந்த இனத்தின் சிங்கம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்த புதிது அது. சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத மனிதர், அந்தச் சட்டத்தை ஸஹஸ்ரநாமம் மாதிரி நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். எதற்கு? யாராவது மீறினால் விடக்கூடாதே!

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் பெண் விசாலாக்ஷிக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போய், கடைசியில் செம்பூர் ராமசேஷனின் பிள்ளைக்கு ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வருகிறார்கள். சொஜ்ஜி தயார். பஜ்ஜி எண்ணெயில். "இன்னிக்கு ஒருநாள் வாயைத் திறக்கப்படாது. இந்த இடமும் போச்சுன்னா நான் உசிரோட இருக்கமாட்டேன்" என்று மனைவி விஜயலக்ஷ்மி, சாமி படத்துக்கு முன் அவரைச் சத்தியம் பண்ண வைத்திருந்தாள்.

ராமசேஷன் தம் பழைய ஆஸ்டின் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, மனைவி மகனோடு வந்து சேர்ந்தார். வாசலில் நிறுத்துவதற்காகப் பின்னால் எடுத்தார். டமால்! ஓரமாகத் தன்பாட்டுக்கு நின்றிருந்த டாக்ஸியின் விளக்குக் கண்ணாடி சுக்கல்.

டாக்ஸிக்காரர் தாராவி கரீம் பாட்சா, நல்ல மனுஷர். "போவட்டும்யா. கண்ணாடிதான? குர்லாவுல நம்ம பட்டறையில மாட்டிக்கிடுதேன்" என்றார். ராமசேஷன் அதற்கான பணத்தை நீட்ட, அவர் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். காரியம் முடிந்துவிட்டது.

முடிய விடுவாரா நம்மவர்? மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். வருங்காலச் சம்பந்திக்கு உபகாரம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா?

"நீங்க சும்மா இருங்கோ சார், நான் பாத்துக்கறேன். ஏம்ப்பா, இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"போறது, விடுங்கோ. நாழியாறது" என்றார் ராமசேஷன். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. வேறு யாராவது இருந்தால் அந்த முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார்கள்.

"அதெப்படி விடறது?" என்று கை தட்டி, மூலையில் நின்ற மஞ்சள் தொப்பிப் போலீஸ்காரரை அழைத்துவிட்டார்.

அவர் வந்தார். காகிதங்களைக் கேட்டுக் கையை நீட்டினார். கரீம் பாட்சாவிடம் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் பத்திரமாக இருந்தன. நீட்டிய கை அப்படியே ராமசேஷன் பக்கம் திரும்பியது. அவர் சட்டைப்பையைத் தடவினார், காருக்குள் துழாவினார், கடைசியில் தம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இன்ஷூரன்ஸாவது ஒன்றாவது! அவர் எடுக்கவே இல்லை.

அனந்தநாராயணன் அண்ணாந்து பார்த்தார். மேலே ஜன்னலில் விசாலாக்ஷியின் பட்டுப்புடவைத் தலைப்பு தெரிந்தது. ஆனால் பகவான் இருக்கிறாரே! பெண் பார்க்க வந்த கும்பல் என்று தெரிந்ததும் போலீஸ்காரருக்கே மனசு இளகிவிட்டது. "ஜானே தோ சேட், போகட்டும், நாளைக்கு எடுத்துடு" என்று ஹிந்தியில் சொல்லி நகரப்போனார். அனந்தநாராயணன் செய்ய வேண்டியதெல்லாம் எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்பதுதான். விழுங்கவும் செய்தார், பாவம்.

"அதெப்படி விடறது?"

சொன்னது யார் என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

இத்தனை பேருக்கு நடுவில் கேட்டுவிட்ட பிறகு போலீஸ்காரர்தான் எப்படி விடுவார்? ராமசேஷனும் ஆஸ்டினும் போலீஸ் சௌக்கிக்குப் போனார்கள். பிள்ளையும் தாயாரும் மாடிப்படியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செம்பூருக்குக் கிளம்பினார்கள், கரீம் பாட்சாவின் டாக்ஸியில். உள்ளே விசாலாக்ஷி பட்டுப்புடவையை மடித்தாள். விஜயலக்ஷ்மி ஆறிப்போன பஜ்ஜித் தாம்பாளத்தை அப்படியே கொண்டுவந்து கணவர் முன் வைத்தாள்.

"தின்னுங்கோ. அத்தனையும் தின்னுங்கோ. அதெப்படி விடறது?"

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். ஆனால், 'ஒரு விளக்குக் கண்ணாடிக்காக மனுஷனைச் சௌக்கிக்குக் கூட்டிப் போக எந்தச் சட்டத்தில் இடம்? இதைத் திருத்தாமல் அதெப்படி...' என்று பத்திரிகைக்கு எழுதக் கார்டும் பேனாவும் தேடுகிறீர்களே, அதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்து, வீட்டில் யாரையாவது பெண் பார்க்க வருகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.