கோமாரிக்குப் போகாத பூனைகள்

பொய் சொல்வதில் கோமாரிக் காக்காவை வெல்ல, கல்முனையில் ஒருவர் இனிப் பிறந்துதான் வரவேண்டும். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; இவர் ஓட்டோ ஓட்டுகிறவர். கோமாரி என்ற கடற்கரை ஊர் வழியாக அறுகம்பேக்கு அவருக்கு ஹயர் சவாரி கிடைத்திருப்பது தெரிந்தால் போதும், தெருவில் வேண்டாத பூனையெல்லாம் உரப்பையில் ஏறி அவர் வாசலுக்கு வந்துவிடும்.

"போற வழியில கோமாரியில விட்டுருங்க காக்கா. தோணிக்காரர் மீன் போடுவாங்க, பாவம், புழைச்சிக்கும்."

"ஓம், ஓம்" என்று வாங்கிக்கொள்வார். மாலையில் திரும்பி வந்து, பூனை மீனை நோக்கி ஓடிய அழகை வர்ணிப்பார். கேட்டவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடும்.

ஒரு பூனையும் கோமாரியில் இறங்கியதில்லை. எல்லாம் அவர் வீட்டில்தான் இருந்தன. தையல் மெஷினில் ஒன்று, அரிசி வாளியில் ஒன்று, தொழுகைப் பாயில் ஒரு குடும்பமே. அந்த வீடும் அவருடையதல்ல. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார்.

"இது என்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு" என்பார் அவர் மனைவி, எங்களுக்கு ராத்தா. "நீங்களே வந்து இரிக்கிற ஆள். வந்த ஆள் இவ்வளவு பேரையும் கூட்டி வாறயா?"

மகளுக்குச் சம்பந்தம் பேசி, மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வருவதாக முடிவானது. அவர் விதவை, அவருக்கு ஒரே மகன்.

"இண்டைக்கு ஒரு வால் தெரிஞ்சாலும் புள்ளட கலியாணம் போயிரும்" என்றார் ராத்தா அன்று காலையில். காக்கா அத்தனையையும் அடுப்படிக் குசினிக்குள் அடைத்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே குசினியைத்தான் என்பது இருவருக்கும் மறந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரனாகத் தேநீர் குடிக்கப் போயிருந்த எனக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையின் உம்மா வந்ததும் நேரே போய்க் குசினிக் கதவைத் திறந்தார். வெள்ளம் போலப் பூனைகள் வந்தன. மஞ்சள் பூனை ஒன்று மட்டும் நின்று, அவர் காலில் தலையை உரசியது. கோழிக்குஞ்சைப் பிடித்த குற்றத்துக்காக அவரே உரப்பையில் கட்டிக் காக்காவிடம் கொடுத்த பூனை.

"இது என்ட மஞ்சளன். மீனுக்கு ஓடின எண்டு சென்னீங்களே காக்கா?"

ராத்தா கண்ணை மூடிக்கொண்டார். காக்கா தலையைச் சொறிந்தார்.

"பொய்தான் தங்கச்சி. பைய அவிழ்த்தா முகத்தப் பாக்குதுகள். முகத்தப் பாத்தா விட ஏலாமக் கெடக்கு."

அந்த அம்மா குசினித் தரையிலேயே உட்கார்ந்து பூனையை மடியில் தூக்கிவைத்தார். அழுதார்.

"மகன் இஞ்ச வந்துட்டா என்ட ஊட்டுல என்னோட ஆரு இரிக்கிற எண்டுதான் யோசிச்சிட்டிருந்தன். இவன நான் கொண்டுபோறன்."

கலியாணம் நடந்தது. இப்போது ஊருக்கே உண்மை தெரியும். வீட்டில் கால் வைக்க இடமில்லை, பைகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. இடமில்லை என்று சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. நான் தொழுது முடித்துத் துஆக் கேட்கும்போது, என் வீட்டாரின் பெயர்களுக்குப் பின்னால் அவர் பெயரும் தானாக வந்துவிடுகிறது.