எந்த எண்ணெய்?

ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் இருக்கும் ஊரில் காதலிப்பது ஆபத்து. மலேசியாவில் எங்கள் கூலாய்ப் பக்கம் சமையலுக்கு ஊற்றுவதும் எண்ணெய், மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற பெட்ரோலும் எண்ணெய், இஞ்சினுக்குள் ஊற்றுவதும் எண்ணெய். எது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நான் காதலித்த ஜெசிந்தாவின் அப்பா அந்தோணி அங்கிளுக்குச் சின்னதாக ஒரு செம்பனைத் தோட்டம், பாமாயில் எடுக்கிற மரங்கள். அதற்குள் சுற்றிவர ஓர் ஏடிவி வைத்திருந்தார், அதாவது நான்கு கொழுத்த டயர்கள் வைத்த மோட்டார் சைக்கிள். தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த நான் அவரைக் கவர்வதற்காக, "ஏடிவி செர்வீஸா? அது எனக்குச் சாப்புடுற மாதிரி அங்கிள்" என்று அளந்துவிட்டேன். (சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தவிர வேறெதையும் நான் அதுவரை பிரித்ததில்லை.)

"அப்ப சனிக்கிழம வா தம்பி, செஞ்சு காட்டு. அப்புறம் கல்யாணப் பேச்சு பேசலாம்" என்றார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கொட்டகையில் என்னையும் வண்டியையும் விட்டுவிட்டு அவர் மரத்துப் பழக்குலைகளைப் பார்க்கப் போய்விட்டார். வாரம் முழுக்கப் பார்த்த வீடியோக்கள் கைகொடுத்தன. டயரில் காற்று பார்த்தேன். ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுத்தேன். கடைசியாக இஞ்சினுக்கு அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெய் கறுப்பு நூலாகத் தகர டப்பாவுக்குள் இறங்கியது.

அங்கேதான் சொக்கிப்போனேன். மழை விட்டிருந்தது. செம்பனை ஓலைகளின் வழியாகப் பச்சை வெளிச்சம் கசிந்து கொட்டகைத் தரையில் அசைந்தது. கறுப்பு நூல் இறங்க இறங்க, மாதா கோயில் வாசலில் ஜெசிந்தா முக்காட்டோடு நின்றாள். நூல் மெலிந்து சொட்டானபோது, நாங்கள் இரண்டு பிள்ளைகளோடு மூவார் ஆற்றோரம் குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மூத்தவள் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். அவளைத் தேற்றிக்கொண்டே போல்ட்டைத் திரும்ப முறுக்கினேன்.

"தம்பி, எண்ணெ ஊத்தியாச்சா?" தூரத்திலிருந்து அங்கிள் குரல்.

அலமாக், மறந்தே போச்சே என்று பதறி, மூலையில் இருந்த கேனைத் தூக்கி டாங்கி நிறைய பெட்ரோல் ஊற்றினேன்.

"ஊத்தியாச்சு அங்கிள்."

அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். மரவரிசைகள் இருபுறமும் மெல்ல நகர்ந்தன. இனி வாழ்க்கை முழுக்க இப்படித்தான் போகும் என்று தோன்றியது. தோட்டத்தின் நடுவே இஞ்சின் இருமியது, முனகியது, அப்படியே நின்றுவிட்டது. அதன்பின் ஓலைச் சத்தம் மட்டும்தான்.

"பிளக்கா இருக்கும்" என்று இறங்கி, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பேட்டரி வயரை ஆட்டினேன். ஸ்டார்ட்டரை அமுக்கினால் 'டக்' என்றது, அவ்வளவுதான். அங்கிள் இஞ்சினில் எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி என் வெள்ளைச் சட்டையில் துடைத்தார்.

சட்டை வெள்ளையாகவே இருந்தது. சுற்றிலும் எண்ணெய்க்காகவே நட்ட மரங்கள், நடுவில் சொட்டு எண்ணெய் இல்லாத வண்டி, அதன் பக்கத்தில் நான். ஜெசிந்தா கையைவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"ஊத்தினேன்னு சொன்னது பொய்யா?"

"இல்ல அங்கிள். நெஜமாவே ஊத்தினேன்." டாங்கி மூடியைத் திறந்து காட்டினேன். விளிம்பு வரை பெட்ரோல் தளும்பியது.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. கோபம் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நானும் எந்த எண்ணென்னு கேக்கலதான். சரி, புடிங்க. தள்ளுங்க மாப்ள."

தம்பி போய் மாப்பிள்ளை வந்திருந்தது. வண்டியின் கனமே எனக்குத் தெரியவில்லை. கொட்டகை வரை ஈரப் புல்லில் மிதந்துகொண்டே தள்ளினேன். அங்கே புது இஞ்சின் எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்காமல் நின்றது.

போன வருடம் எங்கள் மூத்தவளுக்கு ஞானஸ்நானம். பாதிரியார் எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். பின்வரிசையிலிருந்து மாமனார் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "ஃபாதர், எந்த எண்ணென்னு ஒருவாட்டி பாத்துக்குங்க. பக்கத்துல மாப்ள நிக்கிறாரு."

பாதிரியாருக்கும் கதை தெரியும் போலிருக்கிறது. சிமிழை முகர்ந்து பார்த்த பிறகுதான் பூசினார்.