ஆமை கடிக்காது என்று நான் சொன்ன சாட்சி

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மகள், எங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பதினேழு சீவன்கள், எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் மூட்டுவலியும் அத்தானின் குறட்டையும் எப்படி இருக்கின்றன என்று தெரியப்படுத்தவும்.

"கம்ப்யூட்டர் வேலை சரிப்படலைன்னா அவளை அடுத்த வண்டியிலேயே ஏத்தி அனுப்பு" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். டாக்டரம்மாவும் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். அந்த மூன்று மாதம் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டு ஒப்பாரி வைக்காதே.

அக்கா, உன் மகள் லேசுப்பட்டவள் இல்லை. முப்பது வருடமாக இங்கே கூண்டு கழுவி, கை ஒடியப் பதிவேடு எழுதியவன் நான். அவள் வந்து அதை மூடிவைத்துவிட்டு கம்ப்யூட்டருக்குள் 'விலங்கு' என்று ஒரு கிளாஸ் எழுதினாள். "அப்படின்னா என்னம்மா?" என்றேன். "வெறும் பதிவுச் சீட்டு மாதிரி மாமா. பேர், எடை, ஊசி போட்ட தேதின்னு கட்டம் மட்டும் இருக்கும், உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. அதை வெச்சு முயலுக்கு ஒண்ணு, கிளிக்கு ஒண்ணுன்னு நிரப்பினா, ஒவ்வொண்ணும் ஒரு ஆப்ஜெக்ட்" என்றாள். இதைத்தானே நான் முப்பது வருடமாகச் செய்தேன் என்று கேட்டேன். "உங்க சீட்டு சும்மா கிடக்கும். இது வேலையும் செய்யும். அடுத்த ஊசி எப்பன்னு பார்க்கிற வழியை கிளாஸ்ல ஒரே தடவைதான் எழுதினேன், எந்த ஆப்ஜெக்டைக் கேட்டாலும் தன்னோட தேதியைச் சொல்லும் பாருங்க" என்றாள். முயலைக் கேட்டேன், முயலின் தேதி வந்தது. கிழட்டுப் பூனையைக் கேட்டேன், பூனையின் தேதி வந்தது. அடேயப்பா! நான் பிளந்த வாயை மூட கொஞ்ச நேரம் ஆயிற்று.

நேற்றுதான் வினை வந்தது. காலையில் வக்கீல் வீட்டுக் கிளி டாக்டரம்மாவின் விரலைக் கவ்விவிட்டது. இவள் கிளியின் பெயரில் 'கடிக்கும்' என்று பதிந்தாள். அவ்வளவுதான், அடுத்து வந்த முயலுக்கும் திரையில் சிவப்பாகக் 'கடிக்கும்', அதற்கடுத்து வந்த பூனைக்குட்டிக்கும் 'கடிக்கும்'. அது பிறந்து எட்டு நாள், கண்ணே திறக்கவில்லை. நம் கம்பவுண்டருக்கோ கம்ப்யூட்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, முழங்கை வரை தோல் உறை மாட்டிக்கொண்டு அந்தக் குட்டியைத் தூக்கினார். முயலுக்கு அளவான வாய்ப்பூட்டு கிடைக்காமல் தன் சாக்ஸின் நுனியை வெட்டி மாட்டப்போக, முயல்காரம்மா "எம்புள்ளைய என்னய்யா பண்றே!" என்று அலற, காத்திருந்தவர்கள் எல்லாம் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் அவர் ஒன்பது வருடமாக வரவேற்பறை மூலையில் கீரை தின்றுகொண்டு கிடக்கும் நம் ஆஸ்பத்திரி ஆமையின்மேலும் கூடையைக் கவிழ்த்தார் பார், எனக்குப் பொறுக்கவில்லை. "முப்பது வருஷ சர்வீஸ்ல சொல்றேன் டாக்டரம்மா, இந்த ஆமை கடிக்காது. கம்ப்யூட்டரை நம்பாதீங்க, என்னை நம்புங்க!" என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் உன் மகள் முகத்தைப் பார்த்தேன். என் வாயாலேயே அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை, அக்கா. மழுப்பவும் இல்லை. "தப்பு என்னோடதுதான் மேடம். 'கடிக்கும்'ங்கறதை ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்குள்ளயும் தனித்தனியா வெச்சிருக்கணும். நான் கிளாஸ்லயே எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வெச்சுட்டேன். கிளி கடிச்சதும் பழி எல்லார் மேலயும் விழுந்துடுச்சு" என்றாள். அரை மணியில் திருத்தினாள். அவள் வயதில் நான் ஒரு வாளி உடைந்ததற்கே மூன்று பேர்மேல் பழி போட்டவன். டாக்டரம்மா மசியவில்லை. "பொய்யா எழுதிச் சோதிக்கற வேலை வேணாம், இது நோயாளிங்க பதிவு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எதாவது நிஜமாக் கடிக்கட்டும். அது பேர்ல மட்டும் விழுந்தா ஒத்துக்கறேன்" என்றுவிட்டார்.

இப்போது மத்தியானம் மூன்று மணி. ஒன்றும் கடிக்கவில்லை. ஆளைப் பார்த்தாலே பாயும் ஒரு காவல் நாய் இங்கே தங்கியிருக்கிறது, அதுகூட இன்றைக்கென்று என் கையை நக்குகிறது. ஆகவே திங்கட்கிழமை உன் மகள் பெட்டியோடு வந்து நின்றால் ஒரு வார்த்தை திட்டாதே. உட்காரவைத்து அந்த ஆப்ஜெக்டைப் பற்றிக் கேள், நீயும் வாயைப் பிளப்பாய். அவளைப் பெற்றதற்கு உனக்கு ஒரு கும்பிடு.

அத்தானுக்கு என் வணக்கம். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசி. மூட்டுக்குத் தைலம் தடவ மறக்காதே.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: ஆமையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காலையிலிருந்து கூண்டு கூண்டாக விரலை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன், எதுவும் சீந்தவில்லை. கடிதத்தை முடித்துவிட்டு, மனசு கேட்காமல் ஆமைக்குக் கீரை வைத்தேன். அது கீரையை விட்டுவிட்டு என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. ரத்தம் சொட்டுகிறது, உன் மகள் ஓடுகிறாள், மருந்துக்கு என்று நினைத்தேன், கம்ப்யூட்டருக்கு! "மாமா, ஆமைக்கு மட்டும்தான் விழுந்திருக்கு! முயல் சுத்தம், பூனைக்குட்டி சுத்தம்!" என்று கூவிவிட்டு அப்புறம்தான் பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தாள், அழுதுகொண்டே. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார், வேலை நிரந்தரம். எழுத்து கோணல் என்று சொல்லாதே, இது இடது கை.