ஏழில் நிற்காத குளம்

ஒரு காட்டில் தணிகாசலம் என்றொரு கரடி, வீட்டுக் கொல்லையில் குளம் வெட்டி மீன் வளர்த்தது. காட்டுக்குள் ஆறு ஓடும்போது கொல்லையில் எதற்குக் குளம் என்று என்னைக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு நரி வெட்டியது, இதுவும் வெட்டியது, அவ்வளவுதான்.

குளத்தில் கெண்டை மீன்கள் சௌக்கியமாக இருந்தன. அவற்றில் வேதவல்லி என்பவளுக்கு அந்த வாரம்தான் குஞ்சு பொரித்திருந்தது. கண்ணும் வாலும் மட்டுமாக இருந்த பிள்ளைகளைப் பாசிக்குள் ஒளித்து வைத்து, இமைக்காமல் காவல் காத்தாள். மீனுக்கு இமை கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்தச் சமயம் பார்த்துத் தணிகாசலம் ஒரு பி.எச். மீட்டர் வாங்கியது. தண்ணீர் புளிப்புப் பக்கமா, சுண்ணாம்புப் பக்கமா என்று எண்ணில் சொல்லும் கருவி. ஏழு என்றால் நடுநிலை. கைபேசியில் இருந்த குளம் வளர்ப்போர் குழுவில் ஆளாளுக்கு ஏழு காட்டும் மீட்டரைப் படம் பிடித்துப் போட்டார்கள். நரியும் போட்டது. தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது.

காலையில் மீட்டரை முக்கிப் பார்த்தது. ஏழுக்குக் கீழே.

"ஐயையோ, புளிச்சுப்போச்சே!" என்று சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது.

மத்தியானம் பார்த்தால் ஏழுக்கு ரொம்ப மேலே. வினிகரை ஊற்றியது. மறுநாள் காலை மறுபடி கீழே, மறுபடி சுண்ணாம்பு. மீன்களுக்குச் செவுள் எரிய ஆரம்பித்தது.

இதையெல்லாம் கரையில் ஒற்றைக் காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது பரமானந்தம் என்ற கொக்கு. அதற்குப் பொறுக்கவில்லை.

"கரடியண்ணே, சும்மா விடுங்க. ராத்திரி மீனும் பாசியும் விடுற மூச்செல்லாம் தண்ணியில தங்குது, அதான் காலையில எண்ணு இறங்குது. வெயில் வந்ததும் பாசி அதை இழுத்துக்குது, எண்ணு ஏறுது. எல்லாக் குளமும் இப்படித்தான். மீனுக்கு இது பழக்கம். நீங்க ஊத்தி ஊத்தி ஒரேயடியா மாத்துறதுதான் அதுங்களைக் கொல்லுது."

"அப்ப மத்தவங்க குளமெல்லாம் ஏழுலயே நிக்குதே?"

"ஏழு வர்ற நேரம் பார்த்துப் படம் பிடிக்கிறாங்கண்ணே."

தணிகாசலம் யோசித்தது. சுண்ணாம்பு வாளியைக் கீழே வைக்கக்கூடப் போனது. அதற்குள் தண்ணீரிலிருந்து வேதவல்லி தலையை நீட்டினாள்.

"நில்லுங்கண்ணே! யோவ் கொக்கு, எங்க மேல உனக்கென்ன திடீர்னு இவ்வளவு அக்கறை?"

பரமானந்தம் ஒளிக்கவில்லை. "நீங்க நல்லா இருந்து பெருகினாத்தாம்மா எனக்கு அப்பப்ப ஒண்ணு கிடைக்கும். செத்து ஒழிஞ்சா நான் எங்க போவேன்?"

குளமே கொதித்தது. "கேட்டீங்களா? வாய் கூசாம சொல்றான் பாருங்க!" என்று கிழட்டுக் கெண்டை ஒன்று கத்தியது. கொக்கு ஊற்றாதே என்றால் ஊற்றுவதில்தான் நமக்கு நன்மை இருக்கிறது என்று மீன்கள் ஒருமனதாகத் தீர்மானம் போட்டன. செவுள் எரிவது, மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் என்று இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது.

"என் பிள்ளைங்க நல்லா இருக்கணும். தாராளமா ஊத்துங்கண்ணே," என்றாள் வேதவல்லி.

மீன்களே கேட்டுக்கொண்ட பிறகு தணிகாசலத்துக்கு என்ன தயக்கம்? மூட்டைச் சுண்ணாம்பையும் கொட்டியது. எண் எகிறியது. கேன் வினிகரையும் கவிழ்த்தது.

முதலில் குஞ்சுகள் மேலே வந்தன. வேதவல்லி ஒவ்வொன்றாக முட்டி முட்டிக் கீழே தள்ளப் பார்த்தாள். அவை மறுபடி மறுபடி மேலே வந்தன. கடைசியில் அவளும் கரையோரம் சாய்ந்தாள். கொக்கு பக்கத்தில் வந்து நின்றது.

"நீ சொன்னது நெசமாய்யா?"

"நெசந்தாம்மா."

"பாவி, பொய் சொல்லியிருக்கக் கூடாதா? இன்னும் ஊத்துன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேண்டாம்னு தடுத்திருப்போமே! என் பிள்ளைங்க பிழைச்சிருக்குமே!"

பரமானந்தத்துக்கு உண்மையாகவே துக்கம் இருந்தது. பசியும் இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுச் சாப்பிட்டது.

சாயங்காலம் மீட்டர் சரியாக ஏழு காட்டியது. மறுநாள் காலையிலும் ஏழு, மத்தியானமும் ஏழு. மூச்சு விடவோ இழுக்கவோ குளத்தில் பாசிகூட மிச்சமில்லை. தணிகாசலம் படம் பிடித்துப் போட்டது. குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள். என்ன ஊற்றினீர்கள் என்று நரி தனியாகக் கேட்டிருந்தது.

நீதி: பெயர் கெட்டவர்கள் உண்மையை மட்டுமே பேச வேண்டும். சாப்பாட்டுக்குப் பஞ்சம் வராது.